ராஸ்பெர்ரி பையில டிஜிட்டல் பாட்: கெர்னல் டிரைவர் எதை செய்யும், எதை செய்யாது

கேள்வி சுருக்கமா இதுதான்: ராஸ்பெர்ரி பையோட ஐ2சி பஸ்ல (ரெண்டு வயர்ல சிப்புகளோட பேசுற வழி) எம்சிபி4561-103ங்கற டிஜிட்டல் பாட், அதாவது கையால திருப்பாம நம்பர் அனுப்பி மாத்துற பொட்டன்ஷியோமீட்டர், மாட்டியிருக்கீங்க, இப்போதைக்கு பைதான்ல நேரா பைட் அனுப்பி ஓட்டுறீங்க, லினக்ஸ் கெர்னல்லயே இதுக்கு டிரைவர் இருக்குன்னு கேள்விப்பட்டு அதுக்கு மாறணும்னு பாக்குறீங்க. கூடவே மூணு சந்தேகம், "4.7 கே வேணும்"னு ஓம்லயே எழுத முடியுமா, கரண்ட் போயிட்டு வந்தா செட்டிங் நிக்குமா, இதையே ஆம்ப்ளிஃபயர் வால்யூமுக்கும் வைக்கலாமா.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். டிரைவர் இருக்கு, நல்லாவே ஓடும். ஓம்ல எழுத முடியாது, ஸ்டெப் நம்பர்தான். செட்டிங்கை நிறுத்தி வைக்கிற மெமரி சிப்புக்குள்ள இருக்கு, ஆனா இந்த டிரைவர் அதை தொடாது. வால்யூமுக்கு வேணாம். இனி ஒவ்வொண்ணா பாப்போம், கொஞ்சம் நீளமா போகும். (கமாண்டு, ஃபைல் பேரெல்லாம் தமிழ் எழுத்துலயே அடிச்சிருக்கேன், டெர்மினல்ல நீங்க ஆங்கிலத்துல போட்டுக்கோங்க.)

முதல்ல டிரைவரை கண்டுபிடிக்கிறதுலயே பாதி பேர் தடுக்கி விழறாங்க. எம்சிபி4561ன்னு தேடினா கெர்னல்ல எந்த ஃபைலும் கிடைக்காது. மொத்த குடும்பத்துக்கும் சேத்து எம்சிபி4531ங்கற பேர்ல ஒரே டிரைவர்தான், 2015ல ஆக்சென்ஷியாங்கற ஸ்வீடன் கம்பெனிக்காக பீட்டர் ரோசின் எழுதினது. இருக்கிற இடம் இன்டஸ்ட்ரியல் ஐஓ, அதாவது ஐஐஓ சப்சிஸ்டம், அதுக்குள்ள பொட்டன்ஷியோமீட்டர் ஃபோல்டர். மைக்ரோசிப்போட பேர் வைக்கிற முறை புரிஞ்சிட்டா குழப்பம் தீந்துடும்: 45ன்னு ஆரம்பிச்சா ஐ2சில ஒரு பாட், 46ன்னா ரெண்டு பாட். 41, 42ன்னா அதே சரக்கு எஸ்பிஐங்கற வேற பஸ்ல, அதுக்கு எம்சிபி4131ன்னு தனி டிரைவர். மூணாவது இலக்கம் 3ன்னா 7 பிட், மெமரி கிடையாது, 4ன்னா 7 பிட் மெமரியோட, 5ன்னா 8 பிட் மெமரி இல்லாம, 6ன்னா 8 பிட் மெமரியோட. கடைசி இலக்கம் 1ன்னா மூணு முனையும் (ரெண்டு ஓரத்துல ஏ, பி, நடுவுல நகர்ற வைப்பர்) வெளிய இருக்கிற முழு பாட், 2ன்னா ரெண்டு முனை மட்டும் இருக்கிற ரியோஸ்டாட். கோட்டுக்கு அப்புறம் வர்ற 103 வந்து 10 கிலோ ஓம், 502ன்னா 5 கே, 503ன்னா 50 கே, 104ன்னா 100 கே. ஆக உங்க கையில இருக்கிறது ஐ2சி, ஒத்தை பாட், 8 பிட், மெமரி உண்டு, 10 கே.

உங்க கெர்னல்ல மாட்யூல் இருக்கான்னு மாட்இன்ஃபோ கமாண்டுக்கு எம்சிபி4531ன்னு பேர் கொடுத்தா தெரிஞ்சிடும். இல்லேன்னா கெர்னல் கான்ஃபிக்ல இன்டஸ்ட்ரியல் ஐஓவுக்குள்ள டிஜிட்டல் பொட்டன்ஷியோமீட்டர்ஸ்னு ஒரு மெனு இருக்கும், அதுல மாட்யூலா டிக் பண்ணி பில்ட் பண்ணிக்கணும். இருந்துச்சுன்னா டெஸ்ட் பண்ண டிவைஸ் ட்ரீ (எந்த சிப் எங்க மாட்டியிருக்குன்னு கெர்னலுக்கு சொல்ற ஃபைல்) எல்லாம் கூட இப்போ வேணாம், மாட்யூலை லோட் பண்ணிட்டு /சிஸ்/பஸ்/ஐ2சி/டிவைசஸ்/ஐ2சி-1/நியூ_டிவைஸ் ங்கற ஃபைல்ல "எம்சிபி4561-103" அப்புறம் ஒரு ஸ்பேஸ் விட்டு அட்ரஸ்னு ரூட்டா எக்கோ பண்ணா போதும். அட்ரஸ் ஏ0 பின்னை கிரவுண்ட்ல கட்டியிருந்தா ஹெக்ஸ்ல 2ஈ, சப்ளையில கட்டியிருந்தா 2எஃப். ரீபூட் ஆனா இது போயிடும், நிரந்தரமா வேணும்னா ஐ2சி1 நோடுக்கு அடியில ஒரு சின்ன ஓவர்லே (டிவைஸ் ட்ரீயோட சேக்கிற துண்டு ஃபைல்) எழுதுங்க, அதுல ரெக் மதிப்பும் (அந்த அட்ரஸ்தான்), கம்பாட்டிபிளா "மைக்ரோசிப்" கமா "எம்சிபி4561-103"ம் இருந்தா வேலை முடிஞ்சுது.

இங்க ஒரு விஷயத்தை கவனிக்கணும். இந்த சிப்புல "நான் யாரு"ன்னு சொல்ற ஐடி ரெஜிஸ்டர் கிடையாது. அதனால நீங்க சொல்றதைத்தான் டிரைவர் அப்படியே நம்பும். 103க்கு பதிலா 104ன்னு கொடுத்தீங்கன்னா ஒரு எரரும் வராம ஓடும், ரெசிஸ்டன்ஸ் கணக்கை மட்டும் பத்து மடங்கா காட்டும். இன்னும் சொல்லப்போனா சிப்பே மாட்டாம வெறும் பஸ்ல இதை பண்ணாலும் டிவைஸ் ஜம்முனு வந்து நிக்கும், ஏன்னா டிரைவர் ஆரம்பத்துல சிப்போட பேசிப் பாக்குறதே இல்ல, பஸ் கண்ட்ரோலருக்கு அந்த வகை டிரான்ஸ்ஃபர் தெரியுமான்னு மட்டும்தான் பாக்கும். முதல் தடவை படிக்கும்போதுதான் ரிமோட் ஐஓ எரர்னு முகத்துல அடிக்கும். "டிவைஸ் வந்துடுச்சு ஆனா எழுதினா எரர் வருது, டிரைவர்ல பக்"னு யாராவது புலம்பினா பத்துல எட்டு தடவை வயரிங்தான், பாவம் டிரைவர்.

சரி, டிவைஸ் வந்தாச்சு. /சிஸ்/பஸ்/ஐஐஓ/டிவைசஸ்/ஐஐஓ:டிவைஸ்0 மாதிரி ஒரு ஃபோல்டருக்குள்ள போங்க. முக்கியமா நாலு ஃபைல். நேம்னு ஒண்ணு, படிச்சா எம்சிபி4561-103ன்னு வரும். அவுட்_ரெசிஸ்டன்ஸ்0_ரா, இதுதான் வைப்பர் எங்க நிக்குதுங்கற நம்பர், படிக்கலாம் எழுதலாம். அதோட கடைசில _அவைலபிள் ஒட்டின ஃபைலை படிச்சா சதுர அடைப்புக்குள்ள 0 1 256ன்னு வரும், அதாவது 0ல ஆரம்பிச்சு 1 ஒண்ணா ஏறி 256 வரைக்கும். அவுட்_ரெசிஸ்டன்ஸ்_ஸ்கேல், படிச்சா 39.0625.

8 பிட்டுன்னா 255ல நிக்கணுமே, ஏன் 256னு தோணும். இந்த சிப்புல 256 ரெசிஸ்டர் வரிசையா இருக்கு, அதுக்கு 257 கணு. 0ன்னா வைப்பர் பி முனையிலயே ஒட்டி நிக்கும், 256ன்னா ஏ முனையில. இதனால ரெஜிஸ்டருக்கு 9 பிட் வேணும். பைதான்ல நேரா ஒரு பைட் அனுப்புறவங்க பல பேர் இந்த 256ஐ தொடவே மாட்டாங்க, ஏன்னா அந்த ஒன்பதாவது பிட் கமாண்ட் பைட்டோட வாலுல போய் உக்காந்திருக்கு. டிரைவர் அதை தானா பாத்துக்கும். இதே ஃபோல்டர்ல வேற சிப்புக்கான டிரைவரை எடுத்தா ரேஞ்ச் வேற மாதிரி இருக்கும், 7 பிட் எம்சிபி4018ல 127 வரைக்கும்தான், ஏடி5272ல 1023 வரைக்கும். அதனால புரோகிராம்ல 255ன்னு கையால எழுதி வைக்காம அந்த அவைலபிள் ஃபைலை படிச்சு மேக்ஸிமத்தை எடுத்துக்கிறது நல்ல பழக்கம்.

ரா ஃபைல்ல எழுதும்போது டெசிமல் நம்பர்தான் போகும், பழக்கதோஷத்துல ஜீரோ எக்ஸ் போட்டு ஹெக்ஸ்ல எழுதினா இன்வேலிட் ஆர்குமெண்ட்னு திருப்பி அனுப்பிடும். 300ன்னு எழுதினாலும் அதே எரர்தான். இது நல்ல விஷயம், நேரா பைட் அனுப்பினா 300ங்கறது மடங்கி 44ஆ போய் உக்காந்து சர்க்யூட் என்னமோ பண்ணும், உங்களுக்கு காரணமே தெரியாது.

இப்போ ஓம் சமாச்சாரம், உங்க கேள்வியிலயே இதுதான் முக்கியமானது, இதுலதான் எல்லாரும் ஏமாறுறாங்க. ஐஐஓவோட விதிப்படி ராவை ஸ்கேலால பெருக்கினா ஓம் வரணும். 128 பெருக்கல் 39.0625, 5000 ஓம். பாக்க அழகா இருக்கு. ஆனா 39.0625 எங்கேருந்து வந்துச்சு? டிரைவர்ல இருக்கிற டேபிள்ல "10 கே"ன்னு எழுதியிருக்கிறதை 256ஆல வகுத்தது, அவ்வளவுதான். உங்க கையில இருக்கிற சிப்பை யாரும் அளந்து பாக்கல. டேட்டாஷீட்ல இந்த குடும்பத்தோட மொத்த ரெசிஸ்டன்ஸ் டாலரன்ஸ் 20 சதவீதம் கூட குறையன்னு போட்டிருக்கும், அதாவது 10 கேன்னு வாங்கினது 8 கேயாவும் இருக்கலாம் 12 கேயாவும் இருக்கலாம். அப்போ 128ல வச்சா 4000ல இருந்து 6000க்குள்ள எதுவும் வரலாம். இதுக்கு மேல வைப்பர் ரெசிஸ்டன்ஸ்னு ஒண்ணு, உள்ள இருக்கிற அனலாக் சுவிட்சோட ரெசிஸ்டன்ஸ், சுமார் 75 ஓம், சப்ளை வோல்டேஜ் குறைஞ்சா இன்னும் கூடும். பெரிய மதிப்புல இது ஒண்ணும் தெரியாது. ஆனா ரா 10ல வச்சு ரியோஸ்டாட்டா யூஸ் பண்றீங்கன்னா ஸ்கேல் கணக்கு 390.6 ஓம்னு சொல்லும், நிஜத்துல டாலரன்ஸே இல்லேன்னு வச்சுக்கிட்டாலும் 466 பக்கம் இருக்கும், கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு தப்பு. 0ல வச்சா டிரைவர் 0 ஓம்னு சொல்லும், மல்டிமீட்டர் 75ன்னு சொல்லும், ரெண்டு பேரும் அவங்கவங்க வரைக்கும் உண்மைதான் பேசுறாங்க.

அதனால 4.7 கே வேணும்னா நீங்களே 4700ஐ ஸ்கேலால வகுத்து 120ன்னு எழுதிக்கலாம், ஆனா அது 4.7 கேன்னு நம்பி டிசைன் பண்ணாதீங்க. என் கருத்து என்னன்னா டிஜிட்டல் பாட்டை எப்பவும் விகிதமா யூஸ் பண்ணணும், ரெசிஸ்டன்ஸா யூஸ் பண்ணக் கூடாது. ஏ முனையில ஒரு வோல்டேஜ், பி முனை கிரவுண்ட், வைப்பர்ல இருந்து வர்ற வோல்டேஜை ஹை இம்பிடன்ஸ் (கரண்ட் இழுக்காத) இன்புட்டுக்கு கொடுங்க. அப்போ மொத்தம் 8 கேயா 12 கேயாங்கறது அடிபட்டுப் போயிடும், ஏன்னா எல்லா 256 ரெசிஸ்டரும் ஒரே சிப்புல ஒண்ணா பிறந்தது, எல்லாம் ஒரே மாதிரிதான் கூடும் குறையும், விகிதம் மாறாது. வைப்பர்ல கரண்டே ஓடலேன்னா அந்த 75 ஓமும் கணக்குல வராது. ஆப்ஆம்ப் (சிக்னலை பெருக்குற சிப்) கெயினுக்கு வச்சாலும் மூணு முனையையும் சேத்து, வைப்பர் இன்வர்ட்டிங் இன்புட்டுல வர்ற மாதிரி போடுங்க, அப்போ அங்கயும் விகிதம்தான் வேலை செய்யும்.

நிஜமாவே ரெசிஸ்டன்ஸாத்தான் வேணும்னா அதுக்கு தோதான சிப் வாங்கணும். அனலாக் டிவைசஸோட ஏடி5272ல டாலரன்ஸ் 1 சதவீதம், 1024 ஸ்டெப், அதுக்கும் அதே ஐஐஓ ஃபோல்டர்ல டிரைவர் இருக்கு. ஏடி5110 குடும்பம் இன்னொரு வழியில போகும், ஃபேக்டரியில அளந்த டாலரன்ஸை சிப்போட மெமரியிலயே எழுதி அனுப்புவாங்க, அதோட டிரைவர் ஆரம்பத்துல அதை படிச்சு ஸ்கேல்ல சேத்துக்கும், ஸோ அங்க வர்ற ஸ்கேல் உங்க கையில இருக்கிற அந்த ஒரு சிப்புக்கான ஸ்கேல். எம்சிபி4561ல அந்த வசதி கிடையாது, அவ்வளவு ஏன், நீங்களே ஒரு தடவை மல்டிமீட்டர் வச்சு ஏவுக்கும் பிக்கும் நடுவுல அளந்து (சர்க்யூட்ல இருந்து கழட்டிட்டு) அந்த நம்பரை உங்க கான்ஃபிக் ஃபைல்ல வச்சுக்கிட்டா டிரைவர் சொல்ற ஸ்கேலை விட நல்ல ஸ்கேல் கிடைக்கும்.

கிட்ட வச்சு ஒரு உதாரணம் பாப்போம். எல்லாரும் வச்சு விளையாடுற 16க்கு 2 எல்சிடி, அதுல வி0னு ஒரு பின், காண்ட்ராஸ்ட்டுக்கு. வழக்கமா ஸ்க்ரூ டிரைவரால திருப்புற 10 கே பிரிசெட் போடுவோம். அங்க எம்சிபி4561 வச்சா வெயில்ல காண்ட்ராஸ்ட் மாறும்போது சாஃப்ட்வேர்லயே சரி பண்ணிக்கலாம். எல்சிடிக்கு 5 வோல்ட், சிப்புக்கு பையோட 3.3 வோல்ட், ஏ முனையும் 3.3ல. ஒரு ஸ்டெப்புக்கு 3.3ஐ 256ஆல வகுத்தா சுமார் 13 மில்லிவோல்ட். வி0ல 0.6 வோல்ட் வேணும்னு வச்சுக்கிட்டா காகிதத்துல ரா 47 வரும். மாட்டிப் பாத்தா எழுத்து வெளிறி இருக்கும், நல்ல காண்ட்ராஸ்ட் 47ஐ விட ரொம்பவே கம்மியான நம்பர்ல கிடைக்கும், ஏன்னா வி0 பின் சும்மா இருக்கிற இன்புட் இல்ல, எல்சிடிக்குள்ள இருக்கிற ரெசிஸ்டர் ஏணி வழியா அந்த பின்ல இருந்து கொஞ்சம் கரண்ட் வெளிய வந்து வைப்பருக்குள்ள இறங்கும், அது வோல்டேஜை மேல தூக்கும். விகிதக் கணக்குக்கு வைப்பர்ல கரண்ட் ஓடக்கூடாதுன்னு மேல சொன்னேனே, அது ஓடினா இதுதான் நடக்கும். இங்க கவலையில்ல, கண்ணால பாத்து ஒரு நம்பரை முடிவு பண்ணிக்கலாம். ஆனா இதே மாதிரி ஒரு பேட்டரி சார்ஜரோட வோல்டேஜை செட் பண்றீங்கன்னா இந்த வித்தியாசம் சிரிப்பா இருக்காது.

வயரிங் பத்தி ரெண்டே வரி. ஏ, பி, வைப்பர் மூணுமே சிப்போட சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவுலதான் இருக்கணும், 3.3ல சிப்பை ஓட்டிட்டு ஏ முனையில 12 வோல்ட் கொடுத்தா சிப் காலி. முனைகள் வழியா 2.5 மில்லிஆம்பியருக்கு மேல போகக் கூடாது, ஸோ எல்இடி, மோட்டார் எதையும் இதால நேரா ஓட்ட நினைக்காதீங்க.

அடுத்தது கரண்ட் போனா என்ன ஆகும். எம்சிபி4561குள்ள வைப்பருக்கு ரெண்டு ரெஜிஸ்டர், ஒண்ணு வோலடைல் (பவர் போனா அழிஞ்சிடும்), ஒண்ணு ஈஈப்ராம்ல (பவர் போனாலும் நிக்கிற மெமரி). பவர் வந்ததும் ஈஈப்ராம்ல இருக்கிறதை எடுத்து வோலடைல்ல போட்டுக்கும். கடையில இருந்து வரும்போது அது நட்ட நடுவுல, 128ல இருக்கும். டிரைவரோட ரா ஃபைல் வோலடைலை மட்டும்தான் தொடும். அதனால நீங்க எழுதின நம்பர் பவர் இருக்கிற வரைக்கும் நிக்கும், பையை வெறுமனே ரீபூட் பண்ணா சிப்புக்கு வர்ற 3.3 கட் ஆகாம இருந்தா அப்போவும் நிக்கும், பிளக்கை பிடுங்கி மாட்டினா பழைய ஈஈப்ராம் மதிப்புக்கு போயிடும். இதை ஒரு குறையா நான் பாக்கல. ஈஈப்ராம்ல எழுதுறதுக்கு ஆயுள் கணக்கு உண்டு, இந்த சிப்புக்கு 10 லட்சம் தடவைன்னு டேட்டாஷீட் சொல்லுது, கேக்க பெருசா இருக்கும், ஆனா ஒரு கண்ட்ரோல் லூப் செகண்டுக்கு பத்து தடவை எழுதினா 28 மணி நேரத்துல அந்த 10 லட்சம் தீந்துடும். ஸோ ஒவ்வொரு எழுத்தும் ஈஈப்ராமுக்கு போகாம இருக்கிறதுதான் பாதுகாப்பு.

ஆனா எல்லா டிரைவரும் இப்படித்தான்னு நினைச்சுடாதீங்க, இந்த விஷயத்துல ஆளுக்கு ஒரு மாதிரி. ஏடி5110 டிரைவர்ல ஸ்டோர்_ஈஈப்ராம்னு ஒரு தனி ஃபைல் இருக்கு, அதுல 1 எழுதினா இப்போ இருக்கிற நிலையை சேவ் பண்ணிக்கும், எனக்கு பிடிச்ச டிசைன் இதுதான், எப்போ சேவ் ஆகுதுங்கறது நம்ம கையில இருக்கு. மேக்ஸ்5481, மேக்ஸ்5487 டிரைவர்கள்ல கூத்து வேற, மாட்யூல் லோட் ஆகும்போது மெமரியில இருந்து வைப்பருக்கு எடுக்கும், டிரைவரை கழட்டும்போது வைப்பரை மெமரிக்கு சேவ் பண்ணும், பிளக்கை பிடுங்கினா சேவ் ஆகாது, ஆர்எம்மாட் கமாண்டால மாட்யூலை கழட்டினா ஆகும்! டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸோட டிபிஎல்0102 சிப் பவர் வந்ததும் இருக்கிற டிஃபால்ட் மோடுல வைப்பருக்கு எழுதினாலே ஈஈப்ராமுக்கும் சேத்து போகும், வோலடைல் மட்டும் போதும்னா ஏசிஆர்ங்கற ரெஜிஸ்டர்ல ஒரு பிட்டை மாத்தணும். அந்த சிப்பை வச்சு அடிக்கடி எழுதுற வேலை செய்யப் போறீங்கன்னா டிரைவர் சோர்ஸ் சின்னதுதான், திறந்து அந்த ரெஜிஸ்டரை யாராவது தொடுறாங்களான்னு முதல்ல பாருங்க. ஐஐஓவுக்கு வெளிய, மிஸ்க் ஃபோல்டர்ல ஏடி525எக்ஸ்_டிபாட்னு ஒரு பழைய டிரைவர் இருக்கு, அனலாக் டிவைசஸோட பழைய சிப்புகளுக்கு. அதுல ஆர்டிஏசி0, ஈஈப்ராம்0, டாலரன்ஸ்0ன்னு தனித்தனி ஃபைலாவே கொடுத்திருப்பாங்க, நேர்மையான ஆள், ஆனா ஃபைல் பேரெல்லாம் ஐஐஓ மாதிரி இருக்காது, ஐஐஓவுக்குன்னு எழுதின புரோகிராம் எதுவும் அதோட பேசாது.

உங்க சிப்புக்கு வருவோம். ஆரம்ப மதிப்பை ஒரு தடவை ஈஈப்ராம்ல போட்டு வைக்கணும்னா டிரைவரை கொஞ்ச நேரம் கழட்டிட்டு ஐ2சிசெட் கமாண்டால பண்ணலாம். எம்சிபி4531 டிரைவர் ஃபோல்டர்ல இருக்கிற அன்பைண்ட் ஃபைல்ல 1-002ஈன்னு எழுதினா டிரைவர் விட்டுடும், அப்புறம் பஸ் 1, அட்ரஸ் ஹெக்ஸ் 2ஈ, கமாண்ட் பைட் ஹெக்ஸ் 20, டேட்டா உங்க நம்பர். இந்த 20 எப்படின்னா ஈஈப்ராம் வைப்பரோட உள் அட்ரஸ் 2, அது கமாண்ட் பைட்டோட மேல் நாலு பிட்ல போகும். எழுதி முடிய சில மில்லிசெகண்ட் ஆகும். அப்புறம் பைண்ட் ஃபைல்ல அதையே எழுதி டிரைவரை திரும்ப மாட்டிக்கோங்க. கழட்டாமலே ஐ2சிசெட் போட்டா டிவைஸ் பிஸின்னு சொல்லும், ஐ2சிடிடெக்ட்ல அந்த இடத்துல 2ஈக்கு பதிலா யூயூன்னு தெரியும், அது எரர் இல்ல, கெர்னல் அதை பிடிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம். இதுக்கு ஃபோர்ஸ் பண்ற ஆப்ஷன் இருக்கு, இந்த ஒரு டிரைவர் எதையும் தன் நினைவுல வச்சுக்காம ஒவ்வொரு தடவையும் சிப்புல இருந்தே படிக்கும், அதனால இங்க பெரிய சேதம் வராது, ஆனாலும் அதை பழக்கமாக்கிக்க வேணாம். எம்சிபி41010 மாதிரி எழுத மட்டும் முடிஞ்ச, திருப்பி படிக்க முடியாத சிப்புகள் இருக்கு, அதோட டிரைவர் கடைசியா தான் எழுதினதைத்தான் திருப்பி சொல்லும், அங்க பூட் ஆன உடனே முதல்ல ஒரு தடவை எழுதாம படிக்கிற நம்பரை நம்பவே கூடாது.

ஈஈப்ராமை தொடவே வேணாம்னா யூடெவ் ரூல் (டிவைஸ் வந்ததும் லினக்ஸ் தானா என்ன செய்யணும்னு சொல்ற வரி) ஒண்ணு போதும். சப்சிஸ்டம் ஐஐஓ, நேம் எம்சிபி4561-103ன்னு பொருந்தினா அவுட்_ரெசிஸ்டன்ஸ்0_ரால இந்த நம்பரை எழுதுன்னு ஒரே வரி, டிவைஸ் வந்த நொடியே எழுதிடும். அதே ரூல்லயே ஃபைலோட குரூப்பை மாத்தி விட்டீங்கன்னா பைதான் ஸ்கிரிப்டை ரூட்டா ஓட்ட வேண்டியதும் இல்ல. இன்னொண்ணு, ஐஐஓ:டிவைஸ்0ங்கற நம்பரை ஸ்கிரிப்ட்ல நேரா எழுதாதீங்க, நாளைக்கு ஒரு ஏடிசி (வோல்டேஜை நம்பரா மாத்துற சிப்) மாட்டினா அது 0ஆ வந்து உங்க பாட் 1ஆ போயிடும், ஒவ்வொரு ஃபோல்டரோட நேம் ஃபைலையும் படிச்சு தேடுங்க, இல்ல டிவைஸ் ட்ரீல லேபிள் கொடுத்து அதை வச்சு தேடுங்க. ஒரே மாதிரி ரெண்டு சிப் இருந்தா லேபிள்தான் வழி.

இதுல யூடெவ்வாலயும் சரி பண்ண முடியாத ஒரு ஓட்டை இருக்கு. பவர் வந்ததுல இருந்து லினக்ஸ் எழுந்து டிரைவர் லோட் ஆகி ரூல் ஓடற வரைக்கும் பல நொடி, அதுவரைக்கும் பாட் ஈஈப்ராம் மதிப்புல, மெமரி இல்லாத சிப்புன்னா நட்ட நடுவுல நிக்கும். எல்சிடின்னா பரவால்ல. ஒரு பக் கன்வெர்ட்டரோட (வோல்டேஜை குறைச்சு கொடுக்கிற சர்க்யூட்) ஃபீட்பேக்ல பாட்டை வச்சிருக்கீங்கன்னா அந்த பல நொடியும் அவுட்புட் எங்கேயோ நிக்கும், அதுல தொங்குற போர்டு புகைஞ்சிடும். இதுக்கு சாஃப்ட்வேர்ல மருந்து கிடையாது, பாட்டோட ரெண்டு பக்கமும் ஃபிக்ஸட் ரெசிஸ்டர் போட்டு, ரா 0ல இருந்தாலும் 256ல இருந்தாலும் அவுட்புட் பாதுகாப்பான எல்லையை தாண்டாத மாதிரி ரேஞ்சை சுருக்கிடுங்க. கூடவே ஸ்டெப்பும் நுணுக்கமா கிடைக்கும்.

"இதெல்லாம் சரி, என் பைதான் ஸ்கிரிப்டே நல்லாத்தானே ஓடுது, எதுக்கு டிரைவர்"னு கேட்டா, ஒரே ஒரு ஸ்கிரிப்ட், ஒரே ஒரு சிப்புன்னா மாறாதீங்க, உங்களுக்கு பெரிய லாபம் இல்ல. ரெண்டு புரோகிராம் அதே பாட்டை தொடணும், நாளைக்கு வேற சிப்புக்கு மாறலாம், இல்ல கெர்னல்ல இருக்கிற இன்னொரு டிரைவர் இந்த பாட்டை யூஸ் பண்ணணும்னா அப்போ ஐஐஓதான். அந்த கடைசி விஷயத்துக்கு கெர்னல் சோர்ஸ்லயே நிஜமான உதாரணம் இருக்கு, அதே ஆக்சென்ஷியாவோட டிஎஸ்இ-850 போர்டு. அதோட டிவைஸ் ட்ரீ ஃபைலை திறந்து பாருங்க, ஹெக்ஸ் 28ல ஒரு எம்சிபி4651-104, ரெண்டு பாட் இருக்கிற 100 கே சிப். அது மேல டிபாட்-டேக்னு ஒரு டிரைவர் உக்காந்திருக்கு, பாட்டோட ஒரு முனையில தெரிஞ்ச ரெஃபரன்ஸ் வோல்டேஜ் 3.3 இருக்குன்னு சொன்னா அது அந்த பாட்டை நம்பரை வாங்கி வோல்டேஜ் கொடுக்கிற ஒரு டேக்கா மாத்தி காட்டும், ஓம்லாம் மறைஞ்சு அவுட்_வோல்டேஜ்னு ஃபைல் வரும். அது மேல இன்னொண்ணு, என்வலப் டிடெக்டர்: ஒரு கம்பரேட்டரோட (ரெண்டு வோல்டேஜ்ல எது பெருசுன்னு சொல்ற சிப்) ஒரு பக்கம் சிக்னல், இன்னொரு பக்கம் இந்த டேக். டேக்ல ஒரு லெவல் வச்சு, கொஞ்ச நேரத்துக்குள்ள கம்பரேட்டர்ல இருந்து இன்டரப்ட் வருதான்னு பாத்து, வந்தா மேல, வரலேன்னா கீழன்னு பாதி பாதியா தேடி சிக்னலோட உச்சத்தை கண்டுபிடிக்கும். ஏடிசியே இல்லாம ஒரு பாட்டையும் கம்பரேட்டரையும் வச்சு அளவு எடுத்துட்டாங்க. கவனிச்சீங்கன்னா அங்கயும் பாட் விகிதமாத்தான் வேலை செய்யுது, 100 கேல 20 சதவீதம் தள்ளிப் போனாலும் அவங்களுக்கு கவலையே இல்ல. உங்க பாட்டை நீங்க வோல்டேஜுக்குத்தான் யூஸ் பண்றீங்கன்னா இந்த டிபாட்-டேக்கை நீங்களும் ஓவர்லேல சேத்துக்கலாம், எழுதற நம்பருக்கும் வர்ற வோல்டேஜுக்கும் உள்ள கணக்கை அதுவே கொடுத்துடும். ஒரே நிபந்தனை, கீழ இருக்கிற பாட் டிரைவர் மேல சொன்ன அவைலபிள் ரேஞ்சை சொல்லத் தெரிஞ்சதா இருக்கணும், எம்சிபி4531க்கு தெரியும்.

கடைசியா வால்யூம். வேணாம்னு சொன்னதுக்கு காரணம், இந்த சிப் எல்லாம் லீனியர், காதுக்கு லாக் டேப்பர் (மடங்கு கணக்குல ஏறி இறங்குறது) வேணும், 256 ஸ்டெப்புல பாதிக்கு மேல ஒவ்வொரு ஸ்டெப்பா போனா மாற்றமே தெரியாது, கீழ 10ல இருந்து 5க்கு வந்தா திடீர்னு பாதியா விழும். இதையாவது டேபிள் போட்டு சமாளிக்கலாம். ஆடியோ சிக்னல் பாசிட்டிவ் நெகட்டிவ்னு ரெண்டு பக்கமும் ஆடும், சிப் கிரவுண்டுக்கு கீழ போற வோல்டேஜை தாங்காது, ஸோ கபாசிட்டர் போட்டு நடு வோல்டேஜுக்கு தூக்கி விடணும். அப்படி பண்ணாலும் பாட்டு ஓடும்போது ஸ்டெப் மாத்தினா ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் டிக் டிக்னு ஜிப்பர் சத்தம் வரும், சிக்னல் ஜீரோவை தாண்டுற நேரம் பாத்து மாத்தற புத்தி இந்த சிப்புக்கு கிடையாது, லினக்ஸ்ல இருந்து அந்த நேரத்தை பிடிச்சு எழுதறதும் நடக்காத காரியம். பையில ஐ2எஸ் டேக் போர்டு (ஆடியோவுக்கான தனி போர்டு) மாட்டியிருந்தா பெரும்பாலும் அதோட கோடெக்குலயே வால்யூம் கண்ட்ரோல் இருக்கும், அல்சாமிக்சர்லயே டெசிபல்ல வரும், அதை யூஸ் பண்ணிட்டு இந்த 4561ஐ எல்சிடி காண்ட்ராஸ்ட்டுக்கோ சென்சார் ஆஃப்செட்டுக்கோ வச்சுக்கோங்க. ஓவர்லே எழுதும்போது எரர் வந்தா டிமெசேஜ்ல ஐ2சின்னு வர்ற வரிகளையும், நேம் ஃபைல்ல என்ன வருதுங்கறதையும் சேத்து போடுங்க, பாத்து சொல்றேன்.